பேர் திருடி லோன் எடுத்துட்டா சிபில் சரி பண்ண கம்பெனிக்கு காசு கட்டணுமா? மூணு சர்வீஸுக்கும் என் ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். உங்க பான் நம்பரையும் ஆதாரையும் வச்சு எவனோ லோன் வாங்கி, அது கட்டாம நின்னு, உங்க சிபில், அதாவது கடன ஒழுங்கா கட்டுறோமான்னு பாத்துப் போடுற ஸ்கோர், அடி வாங்கிடுச்சுனா, "ஸ்கோர் ஏத்தித் தரோம், கெட்ட என்ட்ரி எல்லாம் எடுத்துத் தரோம்"னு விளம்பரம் போடுற கம்பெனிங்களுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க. அவங்க செய்யுற வேல மொத்தமும் சட்டப்படி உங்களுக்கு இலவசமா நடக்க வேண்டியது. இத எங்க சித்தப்பா கேஸ்ல கடைசி வரைக்கும் கூட நின்னு பாத்துட்டுத்தான் எழுதுறேன், காசு வாங்குற கம்பெனியையும் பாத்தாச்சு, ப்யூரோவோட (நம்ம கடன் கணக்க பதிஞ்சு ஸ்கோர் போடுற கம்பெனி) டிஸ்ப்யூட் சர்வீஸையும், அதாவது ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னு புகார் குடுக்குறதையும் பாத்தாச்சு, பேங்க், ஃபைனான்ஸ் மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன் வரைக்கும் போயாச்சு. மூணுக்கும் சேத்து இது.

சித்தப்பா கரூர்ல சின்னதா தையல் யூனிட் வச்சிருக்காரு, பெட்ஷீட் தலகாணி உறை ஜாப் ஒர்க். வாழ்க்கைல ஒரு நக லோனும் ஒரு வண்டி லோனும் தவிர வேற வாங்குனதில்ல, ரெண்டையும் நேரத்துக்கு கட்டி முடிச்ச மனுஷன். வீட்டு லோனுக்கு பேங்க்ல பேப்பர் குடுத்தப்போ அப்ளிகேஷனையே எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க, சிபில் 600க்கு கீழ இருக்கு, ரெண்டு பர்சனல் லோன் ஓவர்டியூ (தேதி தாண்டியும் கட்டல), ஒரு மொபைல் லோன் ரைட் ஆஃப் (இனி வராதுன்னு கணக்குல தள்ளுனது)னு காட்டுதுன்னாங்க. மூணுமே அவருக்கு சம்பந்தமில்லாதது. ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா அவர் காலே வைக்காத வடமாநிலத்து அட்ரஸ் ஒண்ணு, தெரியாத ரெண்டு செல் நம்பர், எல்லாம் அவர் பேருக்குக் கீழ உக்காந்திருக்கு. ராத்திரி முழுக்க மனுஷன் தூங்கல. "ஏங் கண்ணு, ஊருக்குள்ள தெரிஞ்சா கடன்காரன்னுல்ல நெனப்பாங்க"ன்னு அதையே திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருந்தாரு.

இது நமக்கு மட்டும் வர்றதுன்னு யாரும் கூசிப்போக வேண்டாம். 2022 பிப்ரவரில நடிகை சன்னி லியோனே தன்னோட பான் நம்பர வச்சு யாரோ 2000 ரூபா லோன் வாங்கிட்டதா ட்விட்டர்ல எழுதுனாங்க, அதே சமயத்துல இன்னும் நெறய பேரு தங்களுக்கும் இதே கதைன்னு சொன்னாங்க. போன்லயே லோன் குடுக்குற ஆப்புங்க வந்ததுல இருந்து ஒரு ஜெராக்ஸ் காப்பி, ஒரு சிம் கார்டு, ஒரு பேங்க் அக்கவுண்ட் இருந்தா வேலைய முடிச்சிடுறானுங்க.

முதல்ல அந்தக் கம்பெனி. பேர் சொல்லல. சித்தப்பா பையன் பயத்துல ஆன்லைன்ல தேடி, நான் போறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் கட்டிட்டான். ஒரு என்ட்ரிக்கு இவ்வளவுன்னு ரேட்டு, மூணு என்ட்ரிக்கு மொத்தமா இருபதாயிரத்துக்கு பக்கம், ஜிஎஸ்டி தனி, பாதி முன்னாடி மீதி "ரிசல்ட்" வந்ததும். போன்ல பேசுற பொண்ணு ரொம்ப மரியாதையா பேசுச்சு, அதுல குறையே சொல்ல முடியாது, ஆனா என்ன கேட்டாங்கன்னு பாருங்க: சித்தப்பாவோட ஈமெயில் ஐடியும் பாஸ்வேர்டும், ப்யூரோ லாகினுக்கு வர்ற ஓடிபி, பான் ஆதார் ரெண்டோட முழுக் காப்பி, அப்புறம் ஒரு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து. பேர் திருடு போனதுல பாதிக்கப்பட்டு நிக்குற மனுஷன்கிட்ட திரும்ப அதே ஆவணத்த முழுசா ஒரு வாட்ஸப் நம்பருக்கு அனுப்பச் சொல்றது எனக்கு ஏத்துக்கவே முடியல.

அத விட மோசம் அவங்க குடுத்த யோசனை. என்ன பண்ணுனாங்கன்னா ப்யூரோ சைட்ல ஒரே ஒரு டிஸ்ப்யூட் போட்டாங்க, அதுவும் "பாக்கித் தொகை தப்பு"ன்னு. லோனே என்னோடது இல்லன்னு சொல்ல வேண்டிய எடத்துல தொகை தப்புன்னு சொன்னா என்ன அர்த்தம், லோன் என்னோடதுதான் ஆனா பாக்கி இவ்ளோ இல்லன்னு ஆகிடுது. லோன் குடுத்த கம்பெனி "தொகை சரிதான்"னு ஒரு வரி பதில் அனுப்பி முடிச்சிடுச்சு. அதுக்கப்புறம் இவங்க போன் பண்ணி, சார் செட்டில்மெண்ட் பேசிடலாம், நாப்பது பர்சன்ட் கட்டுனா முடிச்சுத் தருவாங்க, நாங்களே பேசித் தரோம்னாங்க. சித்தப்பாவும் மனசு ஒடைஞ்சு "கட்டித் தொலைச்சிரலாம் கண்ணு, நிம்மதியா இருக்கும்"னாரு. நான் சொன்னேன், "சித்தப்பா, தயவுசெஞ்சு அஞ்சு பைசா கட்டாதீங்க, கட்டுனா நீங்க வாங்குன கடன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

இந்த எடத்த கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். செட்டில்மெண்ட் பண்ணுனா ரிப்போர்ட்ல அந்த லோன் அழியாது, "செட்டில்டு"ன்னு மாறி அங்கயே நிக்கும். பேங்க்காரங்களுக்கு செட்டில்டுன்னா முழுசா கட்டாம கொறச்சுக் கட்டுன ஆளுன்னு அர்த்தம், அத வச்சே வீட்டு லோன தள்ளிடுவாங்க. நீங்க வாங்காத லோனுக்கு செட்டில்டும் வேண்டாம், க்ளோஸ்டும் வேண்டாம், அந்த என்ட்ரியே ரிப்போர்ட்ல இருந்து போகணும், அதத்தான் கேக்கணும். அந்தக் கம்பெனிக்கு நான் குடுக்குற மார்க் அஞ்சுக்கு பூஜ்யம். அட்வான்ஸ் திரும்ப வரல. வேல நடக்காததுக்காக மட்டும் பூஜ்யம் குடுக்கல, செட்டில்மெண்ட் பக்கம் தள்ளிவிட்டு ஒரு நேர்மையான மனுஷன நிரந்தரமா மாட்டிவிடப் பாத்ததுக்காக.

சரி, நம்மளே பண்றது எப்படி. மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், நாம பொதுவா "சிபில்"னு சொல்றது ஒரே ஒரு கம்பெனியோட பேரு. இந்தியால ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் குடுத்த கிரெடிட் ப்யூரோ நாலு: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். 2005ல வந்த கிரெடிட் இன்ஃபர்மேஷன் கம்பெனிகள் சட்டத்துக்கு கீழ நாலும் வருது. லோன் குடுக்குற பேங்க்கும் ஃபைனான்ஸும் நாலுக்குமே டேட்டா அனுப்பணும், அதனால தப்பான என்ட்ரி ஒரு எடத்துல போனா மத்த மூணுலயும் தானா போயிரும்னு நெனச்சுடாதீங்க. நாலுலயும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் இலவசம், இது 2017ல இருந்து இருக்கு. ப்யூரோவோட சொந்த சைட்டுக்கே போய் எடுங்க. ஸ்கோர் ஃப்ரீயா காட்டுற ஆப்புங்க நமக்கு லோன் விக்கத்தான் அத காட்டுது, அதுல நம்பர் மட்டும் பெருசா தெரியும், நமக்கு வேண்டிய சமாச்சாரம் உள்ள இருக்குற முழு ரிப்போர்ட். நம்ம ரிப்போர்ட்ட நாமளே எடுத்தா ஸ்கோர் கொறையும்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு, கொறையாது.

ரிப்போர்ட்ல எல்லாரும் நேரா லோன் லிஸ்ட்டுக்கு ஓடுவாங்க. அதுக்கு முன்னாடி மேல இருக்குற சொந்த விவரம் பகுதியப் பாருங்க, பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், செல் நம்பர், ஈமெயில். திருடன் குடுத்த நம்பர் அங்கதான் ஏறி உக்காந்திருக்கும். லோன மட்டும் எடுத்துட்டு அந்த நம்பர விட்டுட்டா பின்னாடி இன்னொரு லோனுக்கு அதுவே ஒரு சாட்சி மாதிரி நிக்கும், அதனால அதுக்கும் தனியா டிஸ்ப்யூட் போடணும். அப்புறம் கடைசில என்கொயரி லிஸ்ட் இருக்கும், யார் யாரு எந்தத் தேதில உங்க ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தாங்கன்னு. நீங்க அப்ளை பண்ணாத கம்பெனி பேரு அதுல இருந்தா, இன்னும் லோன் லிஸ்ட்ல வராத புது மோசடி ஒண்ணு ஓடிட்டு இருக்கலாம். சித்தப்பா ரிப்போர்ட்ல அப்படி ரெண்டு பேரு இருந்துச்சு, உடனே அந்த ரெண்டு எடத்துக்கும் மெயில் போட்டோம், ஒரு எடத்துல லோன் பாஸாகுற நெலமைல இருந்தத நிறுத்துனாங்க.

போலீஸ் கம்ப்ளெய்ன்ட் இல்லாம லோன் கம்பெனி பேச்சே எடுக்காது. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணலாம், அது முக்கியமா காசு போன உடனே தடுக்குறதுக்கு. நம்ம விஷயத்துக்கு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல கம்ப்ளெய்ன்ட் பதிஞ்சு அந்த அக்னாலெட்ஜ்மெண்ட பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேர்ல ஸ்டேஷனுக்கும் போனோம். இங்க சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார வாங்கிக்கிட்டதுக்கான ரசீது குடுப்பாங்க, அத கண்டிப்பா கேட்டு வாங்குங்க. எழுதிக் குடுக்குறப்போ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு, அதாவது அடுத்தவன் அடையாளத்த திருடுறது, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், அப்புறம் 66டி ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறது, ரெண்டையும் குறிப்பிட்டு எழுதுனோம். ஸ்டேஷன்ல இருந்த எஸ்ஐ பொறுமையா உக்கார வச்சு கேட்டாரு, மாவட்ட சைபர் கிரைமுக்கும் ஒரு காப்பி குடுத்துடுங்கன்னு அவரே சொன்னாரு. சித்தப்பாவுக்கு அன்னிக்குத்தான் மொகத்துல கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

அடுத்து லோன் குடுத்த கம்பெனிக்கு லெட்டர். கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி அழறதுல பிரயோஜனம் இல்ல, எல்லாம் எழுத்துல, புகார கவனிக்கிற க்ரீவன்ஸ் ஆபீசர் நோடல் ஆபீசர் ஈமெயில் அவங்க சைட்லயே இருக்கும், அதுக்குப் போடணும். "நான் இந்த லோன் வாங்கல, இது மோசடி, என் பேர்ல இருந்து நீக்கி நாலு ப்யூரோவுக்கும் தகவல் அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு கூடவே ஆதாரம் கேக்கணும். லோன் அப்ளிகேஷன், கேஒய்சிக்கு எடுத்த செல்ஃபி, ஓடிபி போன செல் நம்பர், ஈசைன் (ஆன்லைன் கையெழுத்து) பண்ணுன விவரம், எல்லாத்துக்கும் மேல பணம் எந்த பேங்க் அக்கவுண்ட்டுக்குப் போச்சுன்னு. 2022 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் போட்ட டிஜிட்டல் லெண்டிங் விதிப்படி லோன் பணம் கடன் வாங்குறவரோட அக்கவுண்ட்டுக்கே நேரா போகணும், நடுவுல வேற ஆளு அக்கவுண்ட் வரக்கூடாது, சில விதிவிலக்கு தவிர. அப்போ இந்த அக்கவுண்ட் யாரோடதுன்னு கேட்டா அவங்களால பதில் சொல்ல முடியாது. சித்தப்பா கேஸ்ல அந்த அக்கவுண்ட் அவர் பேர்லயே இல்ல, செல்ஃபில இருந்தவனுக்கு முப்பது வயசு கூட இருக்காது, இவருக்கு தலை முழுக்க நர. அந்த செல்ஃபிய பாத்தப்போ எனக்கு வந்த கோவம் கொஞ்சம் நஞ்சமில்ல, பான் கார்டுல இருக்குற போட்டோவோட ஒரே ஒரு நிமிஷம் ஒப்பிட்டுப் பாத்திருந்தா ஒரு குடும்பம் இவ்ளோ அவஸ்தப்பட்டிருக்காது.

மொபைல் லோன், டிவி லோன் மாதிரி இருந்தா பணம் கடைக்குத்தான் போயிருக்கும், அப்போ அந்த விதிய வச்சு கேக்க முடியாது. அதுக்குப் பதிலா கடை பில்லு, டெலிவரி அட்ரஸ், போனோட ஐஎம்இஐ நம்பர் கேளுங்க. அத போலீஸ்க்கும் குடுக்கலாம். நோட்டரி கையெழுத்தோட ஒரு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கேப்பாங்க, லோன் எண்ணு போட்டு, நான் வாங்கல, பணம் எனக்கு வரலன்னு, அது ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க.

இப்போ ப்யூரோ டிஸ்ப்யூட் சர்வீஸ். இது இலவசம், ஆன்லைன்ல லாகின் பண்ணி எந்த லோன், என்ன தப்புன்னு தேர்வு செய்யணும், அங்க "ஓனர்ஷிப்", அதாவது இந்த அக்கவுண்ட் என்னுதே இல்லங்குறத போடணும், தொகை, தேதி பக்கம் போகவே கூடாது. நாலுல மூணு எடத்துல ஃபார்ம் சுலபமா இருந்துச்சு, டிஸ்ப்யூட் நம்பர் உடனே வந்துச்சு, ரிப்போர்ட்ல அந்த லோன் பக்கத்துல டிஸ்ப்யூட்ல இருக்குன்னு குறிப்பும் வந்துச்சு, அது பேங்க்ல காட்ட உதவியா இருந்துச்சு. ஒரு எடத்துல மட்டும் டாக்குமெண்ட் அப்லோட் ஆகாம சுத்திக்கிட்டே இருந்துச்சு, மெயில்ல அனுப்பி ரசீது வாங்க வேண்டியதாப் போச்சு. பெரிய குறை என்னன்னா ப்யூரோவால தானா எதையும் மாத்த முடியாது, லோன் குடுத்த கம்பெனிகிட்ட கேட்டு அவங்க சரின்னாத்தான் மாத்துவாங்க. அதனால ப்யூரோல மட்டும் டிஸ்ப்யூட் போட்டுட்டு உக்காந்திருந்தா, கம்பெனில ஒருத்தரு கம்ப்யூட்டர்ல இருக்குறத பாத்துட்டு "டேட்டா சரி"ன்னு அனுப்பிடுவாரு, உங்களுக்கு ஒரு வரில முடிஞ்சதுன்னு மெயில் வரும். சித்தப்பாவுக்கு மொத தடவ அப்படித்தான் வந்துச்சு. மறுத்தா ஏன்னு காரணம் சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் 2023ல சொல்லியிருக்கு, அத எழுதிக் கேட்டப்புறம்தான் அந்த செல்ஃபியும் அக்கவுண்ட் நம்பரும் கைக்கு வந்துச்சு. ப்யூரோ சர்வீஸுக்கு அஞ்சுக்கு மூணு குடுப்பேன். வசதி இருக்கு, ஆனா நம்ம பக்க ஆதாரத்த எடுத்துப் படிக்கிற ஆளு அங்க யாரும் இல்ல.

இந்த எடத்துல பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கு. கம்ப்ளெய்ன்ட் குடுத்த 30 நாளைக்குள்ள சரி பண்ணலன்னா, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா உங்களுக்கு நஷ்டஈடு தரணும். 2023 அக்டோபர் 26ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு. லோன் குடுத்த கம்பெனி 21 நாளைக்குள்ள ப்யூரோவுக்கு திருத்தம் அனுப்பணும், அனுப்பலன்னா காசு அவங்க தரணும், அவங்க அனுப்பியும் ப்யூரோ இழுத்தடிச்சா ப்யூரோ தரணும். விஷயம் முடிஞ்ச அஞ்சு வேலை நாளுக்குள்ள உங்க அக்கவுண்ட்ல ஏறணும். அதுக்காகத்தான் கம்ப்ளெய்ன்ட் ஃபார்ம்லயே பேங்க் அக்கவுண்ட் இல்லன்னா யூபிஐ ஐடி கேக்குற எடம் இருக்கும், அத காலியா விடாம சரியா நிரப்புங்க. தொகை சின்னதுதான். ஆனா "இந்த உத்தரவுப்படி 31வது நாள்ல இருந்து கணக்கு ஓடுது"ன்னு ஒரு மெயில் போட்டதுக்கு அப்புறம்தான் அந்த ஃபைனான்ஸ்ல இருந்து மனுஷ பேரோட ஒரு பதில் வந்துச்சு.

பதில் வந்துச்சே தவிர வேல முழுசா முடியல. மூணு லோன்ல மொபைல் லோன மட்டும் அந்தக் கம்பெனி மோசடின்னு ஒத்துக்கிட்டு நீக்குச்சு. ரெண்டு பர்சனல் லோன் குடுத்த எடத்துல "எங்க சிஸ்டம்படி ஓடிபி சரியா வந்திருக்கு"ன்னு அதையே பாட்டா பாடுனாங்க. அங்க இருந்து ஆம்பட்ஸ்மேன்.

ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கு நான் மனசார அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன். 2021 நவம்பர்ல எல்லாத்தையும் ஒண்ணாக்கி ஒரே ஸ்கீமா கொண்டாந்தாங்க, 2022 செப்டம்பர்ல இருந்து கிரெடிட் ப்யூரோக்களும் அதுக்குள்ள வந்துடுச்சு. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்ல போடலாம், ஃபீஸ் எதுவும் கெடையாது. மொதல்ல கம்பெனிக்கு எழுத்துல குடுத்திருக்கணும், 30 நாள் ஆகியும் பதில் இல்ல அல்லது பதில்ல திருப்தி இல்லன்னா இங்க வரலாம், இதுக்கு காலக்கெடு உண்டு, அதனால பதில் வந்ததும் தள்ளிப் போடாம போட்டுடணும். வக்கீல் வச்சு போட முடியாது, ஆனா வீட்டு ஆளு ஒருத்தருக்கு அதிகாரம் குடுத்து போடலாம், சித்தப்பாவுக்காக நான் அப்படித்தான் போட்டேன். ஆன்லைன் வராதவங்க சண்டிகர்ல இருக்குற ரிசர்வ் பேங்க் மையத்துக்கு தமிழ்லயே லெட்டர் எழுதி அனுப்பலாம், எந்த மொழில எழுதுனாலும் எடுத்துக்குவாங்க. 14448க்கு போன் பண்ணா தமிழ்ல பேசுறாங்க, நான் பேசுன அம்மா ஒவ்வொரு கட்டமா என்ன நிரப்பணும்னு அவசரப்படாம சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு இங்க ஒரு நன்றி. ஒரு விஷயம் கவனிக்கணும், இதே பிரச்சனைக்கு கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போட்டிருந்தா இங்க எடுக்க மாட்டாங்க, போலீஸ் விசாரணை நடக்குறது தடையில்ல.

ரிசர்வ் பேங்க்ல இருந்து அந்தக் கம்பெனிக்கு தாக்கல் போனதும் சுருதியே மாறிடுச்சு. அது வரைக்கும் ஓடிபி ஓடிபின்னு சொன்னவங்க, பணம் போன அக்கவுண்ட் வேற ஆளோடது, செல்ஃபி ஒத்துப்போகலன்னு ஒத்துக்கிட்டு, லோன நீக்கிட்டோம், நாலு ப்யூரோவுக்கும் அனுப்பிட்டோம்னு லெட்டர் குடுத்தாங்க. அந்த லெட்டர உயிர் மாதிரி பத்திரமா வச்சுக்கணும், லோன் எண்ணு, "மோசடி", "பொறுப்பில்ல"ங்குற வார்த்தை எல்லாம் அதுல இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு வாங்கணும், வெறும் "க்ளோஸ் பண்ணிட்டோம்"னு இருந்தா திருப்பி அனுப்பி மாத்தச் சொல்லுங்க. அரை மார்க் ஏன் கொறச்சேன்னா போர்ட்டல்ல நெலவரம் பாக்குறப்போ ஒரே வரிதான் வரும், உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, வயசானவங்களுக்கு அந்த காத்திருப்பு ரொம்ப கஷ்டம்.

நடுவுல வசூல் ஆளுங்க போன் பண்ணுவாங்க, இது தனி வேதன. சித்தப்பாவுக்கு மட்டுமில்ல, அவர் தங்கச்சி மாப்பிள்ளைக்கு வரைக்கும் போச்சு. காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022 ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கு, சொந்தக்காரங்கள கூப்பிட்டு அவமானப்படுத்துறதும் தப்பு. போன்ல வாக்குவாதம் பண்ணாம "இது மோசடி லோன், கம்ப்ளெய்ன்ட் நம்பர் இது, இனி மெயில்ல பேசுங்க"ன்னு அதையே சொல்லி வச்சிடுங்க. சமாதானத்துக்காக கூட "பாக்குறேன், கட்டுறேன்"னு வாய் விட்டுடாதீங்க, எல்லாம் ரெக்கார்ட் ஆகுது. அந்த கால் டைம், நம்பர் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆம்பட்ஸ்மேன் கம்ப்ளெய்ன்ட்லயும் சேத்தோம்.

ஊர்ப் பக்கம் இருக்குற அக்காங்க அம்மாங்களுக்கு இன்னொண்ணு. குழு லோன்ல ஒருத்தர் ஆதார வச்சு இன்னொருத்தர் எடுக்குறது நெறய நடக்குது, "உன் பேர்ல எடுத்துக்குறேன், நான் கட்டிடுறேன்"னு சொல்லிட்டு கூட இல்ல, கேக்காமலே எடுத்துடுறாங்க. இந்த மாதிரி குழு லோன், அதாவது மைக்ரோஃபைனான்ஸ் விவரம் க்ரிஃப் ஹைமார்க்ல நல்லா தெரியும், அதனால சிபில் மட்டும் பாத்துட்டு நம்ம பேரு சுத்தம்னு இருந்துடாதீங்க, அந்த ரிப்போர்ட்டையும் ஒரு தடவ எடுத்துப் பாருங்க. வீட்டுல படிச்ச பசங்க இருந்தா அம்மாவுக்கு இத முதல் வேலையா செஞ்சு குடுங்க.

இனிமே திருடு போகாம இருக்க சித்தப்பாவுக்கு நாங்க பண்ணுனது: ஆதார் பயோமெட்ரிக் லாக் போட்டோம், தேவைப்படுறப்போ மட்டும் திறக்கலாம். எங்க ஜெராக்ஸ் குடுத்தாலும் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார், அது மேலயே எதுக்குன்னும் தேதியும் எழுதி கையெழுத்து. மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல அவர் பேர்ல எத்தன சிம் இருக்குன்னு பாத்து, தெரியாதத "என்னுது இல்ல"ன்னு குறிச்சுக் குடுத்தோம். ப்யூரோல பதிஞ்சிருக்குற செல் நம்பரையும் ஈமெயிலயும் சரியானதா மாத்துனது ரொம்ப முக்கியம், ஏன்னா இப்போ யாராச்சும் உங்க ரிப்போர்ட்ட எடுத்தா ப்யூரோ உங்களுக்கு எஸ்எம்எஸ் இல்ல மெயில் அனுப்பணும், திருடன் நம்பரே அங்க இருந்தா அந்தத் தகவலும் அவனுக்குத்தான் போகும்.

ஸ்கோர் பத்தி. லோன் குடுக்குறவங்க 2025 ஜனவரில இருந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவயாச்சும் ப்யூரோவுக்கு டேட்டா அனுப்பணும், முன்ன மாதிரி மாசத்துக்கு ஒரு தடவ இல்ல, அதனால நீக்குனது சீக்கிரம் தெரிய வாய்ப்பு இருக்கு. ஆனா நாலுலயும் ஒரே நேரத்துல தெரியல, மூணுல போயிருச்சு, ஒண்ணுல மட்டும் பர்சனல் லோன் ஒண்ணு அப்படியே நின்னுச்சு, கம்பெனி லெட்டர வச்சு திரும்ப டிஸ்ப்யூட் போட்டதுல அதுவும் போச்சு. மூணு என்ட்ரியும் போனதும் ஸ்கோர் 750 தாண்டிடுச்சு. இதுக்கு தனியா "ஸ்கோர் ஏத்துற" வேல எதுவுமே செய்யல, தப்பு போனதும் அவரோட பழைய ஒழுங்கான கணக்கே ஸ்கோர தூக்கிடுச்சு.

பேங்க்ல திரும்ப வீட்டு லோன் பேப்பர் குடுத்தாச்சு, கம்பெனி லெட்டரும் சிஎஸ்ஆர் காப்பியும் சேத்துத்தான் குடுத்தோம், இந்த தடவ மேனேஜரே கூப்பிட்டு லீகல் ஒப்பினியனுக்கு பத்திரம் கேட்டிருக்காரு. சம்பந்தமில்லாத அந்த ரெண்டு என்கொயரி மட்டும் இன்னும் ரிப்போர்ட்ல இருக்கு, அதுக்கு டிஸ்ப்யூட் ஓடிட்டு இருக்கு. நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு அந்த பர்சனல் லோன் கம்பெனிகிட்ட இருந்து இது வரைக்கும் வரல, தேதி வாரியா கணக்குப் போட்டு மெயில் அனுப்பியாச்சு, 30 நாள் பாத்துட்டு அதுக்கும் தனியா ஆம்பட்ஸ்மேன்ல போடப் போறோம். சித்தப்பா அந்தக் காசு வேண்டாம் விட்டுடுன்னுதான் சொன்னாரு, நான்தான் விடல.